பதினெட்டுச் சக்கர வண்டி ஓட்டும் என் மகனுக்கு

நைனா,

நாளை விடிந்ததும் நீ ஓசூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு கிளம்புகிறாய். இத்தனை நாள் துறைமுகத்துக்கும் எர்ணாவூர் யார்டுக்கும் நடுவே கன்டெய்னர் இழுத்துக்கொண்டிருந்த உன்னை நம்பி, முதல் தடவையாக வெளியூர் லைனுக்கு வண்டியைக் கொடுத்திருக்கிறார் உன் ஓனர். நீ புறப்படும் நேரத்தில் நான் காசிமேட்டில் மீன் ஏலத்தில் நின்றுகொண்டிருப்பேன். வீட்டில் இருந்தாலும் பெரிதாக ஒன்றும் பேசிவிட முடியாது. நான் வாயைத் திறந்த உடனே "சர்தாமா, தெரியும்மா, உட்ருமா" என்று சட்டையை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போய்விடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது அல்லவா? பத்தாவது வரை படித்ததற்கு இன்றைக்குத்தான் உருப்படியாக ஒரு வேலை வந்திருக்கிறது எனக்கு.

இதை உனக்கு மட்டும் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. யார் கேட்டாலும் படிக்கக் கொடுப்பேன். மீன் விற்கிற இடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவர்கள் தினமும் என்னைப் பிடித்துக்கொள்கிறார்கள். "எப்டிக்கா உம் புள்ளைக்கு மட்டும் வண்டி குட்த்தாங்க? எம் புள்ளயும் ஹெவி லைசென்ஸ் வாங்கி வச்சிகினு வூட்லதான் குந்திகினு கீறான்" என்று கேட்கிறார்கள். நானும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறேன். தேவைக்கு மேலேயே சொல்கிறேன் என்று உன் அப்பா சொல்கிறார். சொல்லட்டும். என் பிள்ளையைப் பற்றி நான் பெருமை பேசாமல் பக்கத்து வீட்டுக்காரியா வந்து பேசுவாள்? இதற்கு உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

நீ கடலுக்கு ஆகாதவன் என்று முதலில் கண்டுபிடித்தது நான்தான். அப்பா கடலுக்குப் போகிறவர். என் தம்பி, உன் சேகர் மாமா, சொந்தமாக விசைப்படகு வைத்திருப்பவர். அப்பா அந்தப் படகில்தான் வேலை செய்கிறார். அந்த வீட்டில் பிறந்துவிட்டு, பன்னிரண்டாவது முடித்த கையோடு மாமா படகில் ஏறிப் போன நீ, திரும்பி வந்தபோது காய்ந்த கருவாடு மாதிரி வந்தாய். போன நேரத்திலிருந்து வந்த நேரம் வரை வாந்தி. "பழகிப்பூடும்" என்றார் அப்பா. அடுத்த முறையும் போனாய். பழகவில்லை. அதற்கடுத்த முறையும் அதே கதைதான். கரையில் வலை பின்னுகிறவர்கள் சிரித்தார்கள். நான் சிரித்தவர்களை ஒரு கை பார்த்துவிட்டு வந்தேன், ஆனால் எனக்கும் உள்ளே பயம்தான். கடலை விட்டால் இந்தப் பிள்ளை எதைப் பிடிப்பான் என்று தெரியவில்லை.

நீயே பிடித்தாய். லைசென்ஸ் எடுத்தாய், குட்டியானை ஓட்டினாய். அந்தச் சின்ன லோடு வண்டியில் மீனும் ஐஸுமாக ஏற்றிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டுக்குப் போய் வருவாய். மீன் தண்ணீர் சொட்டச் சொட்ட வீடு வந்து சேர்வாய். ஆனால் உன் கண் எப்போதும் ரோட்டில் போகிற டிரைலர் மேலேயே இருக்கும். ஒரு நாள் உன்கூட வண்டியில் வந்தபோது பார்த்தேன். முன்னால் நாற்பதடி டிரைலர் ஒன்று வளைந்து திரும்பியது. நீ ஹாரன் அடிக்காமல் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாய். "இன்னாடா, சினிமாவா ஓடுது?" என்று கேட்டேன். "மா, வால் எப்டி ஒழுங்கா பின்னாடியே வருது பாரு" என்றாய். எனக்கு அந்த வண்டிகளைக் கண்டாலே ஆகாது. கூடையோடு ரோட்டைக் கடக்கிறவளுக்கு அதன் சக்கரம் மட்டும்தான் கண்ணில் படும். ஆனாலும் அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது, இவன் இதை விடமாட்டான் என்று.

ஹெவி லைசென்ஸ் கைக்கு வந்த அன்று நம் வீட்டில் பிரியாணி. மறுநாளே வேலை கிடைத்துவிடும் என்று நினைத்த முட்டாள்களில் நானும் ஒருத்தி. திருவொற்றியூரில் ஒவ்வொரு டிரான்ஸ்போர்ட் ஆபீஸாக ஏறி இறங்கினாய். மணலிக்குப் போனாய். வள்ளூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல் ஏற்றுகிற லாரிக்காரர்களைக்கூட விடவில்லை. எல்லா இடத்திலும் ஒரே பாட்டுத்தான். வீட்டுக்கு வந்து அவர்கள் குரலிலேயே நடித்துக் காட்டுவாய்.

"எத்தினி வருசம் ஓட்டிகினு கீற?"

"இப்பதான் சார் லைசென்ஸ் எடுத்தேன்."

"மொதல்ல ஓட்டி எக்ஸ்பீரியன்ஸ் எத்துகினு வா தம்பி, அப்பால பாக்கலாம்."

"வண்டி குட்த்தாதான சார் ஓட்ட முடியும்?"

இதைக் கேட்டதும் அடுத்த ஆளைக் கூப்பிடுவார்களாம். நீ நடித்துக் காட்டும்போது நாங்கள் சிரிப்போம், நீயும் சிரிப்பாய், ஆனால் சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்துவிடுவாய். அந்த நேரம் பார்த்து மீன்பிடித் தடைக்காலம் வந்தது. விசைப்படகெல்லாம் கட்டிப் போட்டாயிற்று. தடை முடிந்ததும் படகில் ஏற சேகர் மாமாவுக்கு ஆள் பற்றாக்குறை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, உன்னைப் பார்க்காமல் என்னைப் பார்த்துச் சொன்னார்: "அக்கா, தடை முடியற வரிக்கும் அவன் இஸ்டம். வண்டி கெடச்சா சந்தோசம். கெடைக்கலனா மொத நாளே நம்ம போட்டுல ஏறிடணும். ஆள உட்டுட்டு அப்பால நான் எங்க தேடறது?" அவர் சொன்னதிலும் தப்பில்லை. அப்பா தலையை ஆட்டினார். நீயும் ஆட்டினாய். நான் மட்டும் ஆட்டவில்லை, ஆனால் என்னை யார் கேட்டார்கள்?

யாரும் கேட்காததால் நானே களத்தில் இறங்கினேன். உன்னை இழுத்துக்கொண்டு எர்ணாவூரில் இப்போது உன் ஓனராக இருக்கிற அந்த நாமக்கல்காரர் யார்டுக்கு வந்தேனே, அந்தக் கதையை நீ யாரிடமும் சொல்லவே இல்லை. நல்ல பிள்ளை. நானே சொல்கிறேன். மீனை விற்கிற வாய் எனக்கு. நேற்று வந்ததை இன்று வந்தது என்று சொல்லித்தான் பாதிப் பிழைப்பு. அதே வாயோடு ஓனர் முன்னால் போய் நின்று, "மூணு வருசமா டிரைலர் ஓட்டிகினு கீறான் சார், புள்ள தங்கம்" என்றேன். நீ என் புடவையைப் பிடித்து இழுத்தாய். நான் கையைத் தட்டிவிட்டேன். அவர் உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "சரிங்க தம்பி, அந்த வண்டியெ அந்தச் செவுத்தோரமா ரிவர்ஸ்ல கொண்டுபோய் விடுங்க, பாக்கலாம்" என்றார்.

குட்டியானையைப் பின்னால் எடுக்கும்போது, வால் எந்தப் பக்கம் போகவேண்டுமோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை ஒடிக்க வேண்டும். டிரைலரில் எல்லாம் தலைகீழ், முன்னால் இருக்கிற என்ஜின் இடது பக்கம் ஒடித்தால் பின்னால் இருக்கிற வால் வலது பக்கம் போகும். இது இன்றைக்கு எனக்குத் தெரியும். அன்றைக்கு உனக்கே கையில் வரவில்லை. மீன் வண்டி ஓட்டின பழக்கத்தில் ஒடித்தாய். வால் சுவரை விட்டுவிட்டு வாட்ச்மேன் தாஸ் அண்ணன் உட்கார்ந்திருக்கிற மூலைக்கு நேராகப் போனது. அவர் டீ வாங்க எழுந்து போயிருந்தது நம் குடும்பம் செய்த புண்ணியம். பிளாஸ்டிக் நாற்காலி மட்டும் படார் என்று உடைந்து அப்பளமானது. ஓனர் என்னிடம் திரும்பி, "என்னங்கம்மா, மூணு வருசமா நாற்காலி மேலதான் ஓட்டிட்டு இருந்தாருங்களா?" என்று கேட்டார். யார்டில் இருந்த அத்தனை டிரைவரும் சிரித்தார்கள். என் மூக்கு உடைந்தது ஒரு பக்கம் இருக்கட்டும். வரும் வழியெல்லாம் நீ ஒரு வார்த்தை திட்டவில்லையே, அதுதான் எனக்குச் சுருக்கென்று இருந்தது. ஷேர் ஆட்டோவில் இறங்கும்போது மட்டும், "மா, இனிமே நீ எங்கூட வராத" என்றாய். சரி என்றேன். வேறென்ன சொல்ல?

மறுநாள் காலையில் நீ எங்கே போனாய் என்று யாருக்கும் தெரியாது. கடைத்தெருவில் ஒரு சிவப்பு நாற்காலி வாங்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாய். நேராக எர்ணாவூர் யார்டு வாசலில் தாஸ் அண்ணன் முன்னால் வைத்துவிட்டு, "நேத்து ஒங்க நாற்காலிய ஒட்ச்சது நாந்தாண்ணா" என்றாயாம். வேலைக்காக வைத்தது இல்லை அது, எனக்குத் தெரியும். உன் குணம் அது. அந்த மனுஷனுக்கு அந்த யார்டில் இதுவரை யாரும் ஒரு டீ கூட வாங்கித் தந்ததில்லை போலிருக்கிறது. உட்காரச் சொல்லிப் பேசினார். ரோட்டைக் காட்டினார். துறைமுக கேட்டுக்குப் போகிற டிரைலர்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. "அதுல குந்திகினு இருக்கறவனுங்க எல்லாம் தூக்கம் இல்லாம சாவறானுங்க. கண்ண மூடனா முன்னாடி வண்டி நவுந்துடும், பின்னாடி இருக்கறவன் ஹாரன் அட்ச்சே கொன்னுடுவான்" என்று சொன்னாராம். அவர் சும்மாதான் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டது நீ.

முதல் வண்டி காதர் பாயுடையது. அதே நாமக்கல்காரரிடம் ஓட்டுகிறவர், உன் நாற்காலி கூத்தை நேரில் பார்த்துச் சிரித்தவர். ஜன்னல் பக்கம் போய் நின்று, "பாய், நீங்க தூங்குங்க. நான் நவுத்திகினே போறேன். கேட்டாண்ட எழுப்பி உட்டுட்றேன்" என்றாய். லைசென்ஸை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காசு இன்னா கேக்கற?" என்றார். "ஒண்ணும் வாணாம் பாய், ஓட்ட உடு போதும்." அவர் உனக்கு ஒன்றும் சொல்லித்தரவில்லை. பின்னால் இருக்கிற படுக்கையில் சாய்ந்தார், குறட்டை விட்டார். நீயாகத்தான் கற்றுக்கொண்டாய். காற்று ஏறும்வரை பொறுத்துத்தான் பிரேக்கை விடவேண்டும், கிளட்சை எந்த இடத்தில் விட்டால் தூங்குகிறவர் உருண்டு விழாமல் இருப்பார், முன்னால் எவ்வளவு இடம் விட்டால் ஆட்டோக்காரன் நுழையமாட்டான், எல்லாம். கேட்டுக்குள் போக உனக்குப் பாஸ் கிடையாது. வாசலுக்கு முன்னால் பாயை எழுப்பிவிட்டு இறங்குவாய், வெயிலில் வரிசையின் வால்வரை நடந்து போவாய், அடுத்த ஜன்னலைத் தட்டுவாய்.

நான் எர்ணாவூர்ப் பக்கம் கருவாட்டுக் கூடையோடு போன ஒரு மத்தியானம், தற்செயலாக அண்ணாந்து பார்த்தேன். அந்த உயரத்தில், கண்ணாடிக்குப் பின்னால், என் பிள்ளை. கூடையை அப்படியே நடுரோட்டில் இறக்கி வைத்துவிட்டேன். "யோவ், பாருங்கய்யா, எம் புள்ளய்யா! எம் புள்ள டிரைலர் ஓட்றான்யா!" என்று கத்தினேன். நீ சீட்டில் வழுக்கிக் கீழே போய்விட்டாய். தலையை மட்டும் வெளியே நீட்டி, "மா, சும்மா இரும்மா, பாய் தூங்கினு கீறாரு" என்று குசுகுசுத்தாய். தூங்குகிறவரை எழுப்பிவிட்டேன்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நைனா, இனிமேல் ஆயிரம் பேர் உனக்கு மாலை போட்டாலும் அந்த மத்தியானத்தில் எனக்கு வந்த சந்தோஷம் வேறு யாருக்கும் வராது.

முன்னால் போகிற வேலை கையில் வந்துவிட்டது. பின்னால் எடுப்பதுதான் பாக்கி. வரிசையில் ரிவர்ஸுக்கு இடமேது? அதற்கு நீ செய்த வேலையைக் கேட்டால் இந்தக் கடிதத்தைப் படிக்கிறவர்கள் நம்பமாட்டார்கள். தடைக்காலத்தில் மீன் வண்டிகளும் சும்மாதான் நின்றன. பழைய முதலாளியிடம் குட்டியானையைக் கேட்டு வாங்கினாய். நான் மீன் விற்கிற தள்ளுவண்டியை அதன் பின்னால் ஓர் இரும்புக் குழாயால் பூட்டினாய். வலை காயப்போடுகிற மைதானத்தில் அதைப் பின்னால் எடுத்துப் பழக ஆரம்பித்தாய். தள்ளுவண்டி சட்டென்று மடங்கிக்கொள்ளும், நீ இறங்குவாய், நேராக்குவாய், மறுபடி ஏறுவாய். வலை பின்னுகிறவர்களுக்கு அந்தத் தடைக்காலத்தில் இதைவிட நல்ல பொழுதுபோக்குக் கிடைக்கவில்லை. "இன்னா மாமு, வண்டிக்கு வால் மொளச்சிக்கீது?" என்று கேட்டார்கள். "அத்த அப்டியே கடலுக்குள்ள உடு, போட்டா மாறிடும்" என்றார்கள். நீ சிரித்துக்கொண்டே அடுத்த ரிவர்ஸ் எடுத்தாய். என் தள்ளுவண்டியின் ஒரு சக்கரம் போனது, பரவாயில்லை. சேகர் மாமா ஒரு சாயங்காலம் வந்து கையைக் கட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். மறுநாள் படகில் கிடந்த கனமான குழாய் ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, "அது வளையுது பாரு, இத்த மாட்டு" என்று சொல்லிவிட்டுப் போனார். உன்னைப் படகில் ஏற்றக் காத்திருக்கிறவர்தான் இந்தக் குழாயையும் கொடுத்தார். இதை நீ என்றைக்கும் மறக்கக் கூடாது.

தடை முடிய ஒரு நாள் இருந்தது. காசிமேடு கல்யாண வீடு மாதிரி இருந்தது. படகுக்குப் படகு ஐஸ் ஏறியது, டீசல் ஏறியது. மாமா உனக்கும் சேர்த்துத்தான் அரிசி ஏற்றியிருந்தார். காலையில் நீ குளித்துவிட்டு, "மா, கட்சியா ஒரு வாட்டி அந்த யார்டுல கேட்டுட்டு வந்துட்றேன்" என்றாய். நான் செருப்பைத் தேடினேன். நீ பார்த்த பார்வையில் செருப்பை அங்கேயே விட்டுவிட்டேன். அதனால் அன்று நடந்ததை நான் பார்க்கவில்லை. ஆனால் காதர் பாய் சொல்லி, தாஸ் அண்ணன் சொல்லி, நீ சொல்லி, நேரில் பார்த்தவர்களைவிட நன்றாகவே சொல்வேன்.

ஓனர் உன்னைப் பார்த்ததும், "என்னங்க தம்பி, இன்னிக்கி அம்மா வரலீங்களா?" என்றாராம். நீ நேராகச் சொல்லியிருக்கிறாய்: "சார், அன்னிக்கி அம்மா சொன்னது பொய். நான் டிரைலர் ஓட்னதே இல்ல. இந்த ரெண்டு மாசமாத்தான் கியூல ஓட்டிகினு கீறேன். ரிவர்ஸும் கத்துகினு வந்துட்டேன்." என்னைப் பொய்க்காரி என்று சொல்லிவிட்டாய், இருக்கட்டும். அவர் யோசித்தார். இந்தத் தொழிலில் ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, அறிந்தவன் ஒருவன் பொறுப்பேற்க வேண்டும். "வண்டி கோடிக்கணக்குல போற சரக்கெ இழுக்குது. உங்களுக்கு யாருங்க தம்பி பொறுப்பு?" என்று கேட்டார். காதர் பாய் பிளேட்டில் இருந்த இட்லியை விட்டுவிட்டு எழுந்தார். "நாந்தான். இந்தப் புள்ள ஓட்டி நான் தூங்கியிருக்கேன் மொதலாளி. வண்டி குலுங்கி ஒரு தபா கூட முழிப்பு வரல" என்றார். அதைக் கேட்டு இன்னொருவர், "எனக்கும் ஓட்டிக்கீறான்" என்றார். வேறொருவர் வெளியூர்க்காரர், உன் பேர்கூடத் தெரியாது, "அந்தக் கியூ தம்பிதானே? நல்ல கைங்க" என்றார். ஆபீஸ் ஆபீஸாக நீ தேடின அனுபவத்துக்கு அங்கே ஆள் மாற்றி ஆள் சாட்சி சொன்னார்கள்.

ஓனர் அதே வண்டியைக் காட்டினார். அதே சுவர். இரண்டு பக்கமும் வண்டிகள் நின்றன, நடுவில் ஒரு சந்து. நீ ஏறி உட்கார்ந்ததும், தாஸ் அண்ணன் அந்தச் சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டுபோய், பழைய நாற்காலி உடைந்த அதே மூலையில் போட்டு, அதில் உட்கார்ந்து, கால்மேல் கால் போட்டுக்கொண்டார். "யோவ் தாசு, எந்திரிச்சு வாய்யா!" என்று ஓனர் கத்தினார். அவர் அசையவில்லை. "நீ வா தம்பி" என்று கையை ஆட்டினாராம். உனக்கு உயிரே போயிருக்கும், எனக்குத் தெரியும். பாதி வந்ததும் நிறுத்தினாய். இறங்கினாய், பின்னால் நடந்துபோய்ப் பார்த்தாய், ஏறினாய். கொஞ்சம் எடுத்தாய், மறுபடி இறங்கினாய். "இன்னா மாமு, வண்டி ஓட்ட வந்தியா, வாக்கிங் போவ வந்தியா?" என்று எவனோ கேட்டான். மூன்றாவது தடவையும் இறங்கிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினாய். பிறகு ஒரே ஓட்டமாக, நூல் பிடித்தாற்போல் சந்துக்குள் விட்டு நிறுத்தினாய். கடைசியில் வண்டிக்கும் தாஸ் அண்ணன் முழங்காலுக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று கேட்டால், பாய் ஒரு முழம் என்கிறார், தாஸ் அண்ணன் நாலு விரல் என்கிறார், நீ "நெறைய எடம் இருந்துச்சுமா" என்கிறாய். நான் நாலு விரல் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

நீ போன் செய்தபோது நான் படகுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "மா, வண்டி குட்த்துட்டாங்கமா" என்றாய். அப்புறம் எனக்கு வந்ததே ஒரு சத்தம், ஏலம் போடுகிறவனே திரும்பிப் பார்த்தான். அழுதேன், சிரித்தேன், யார் யாரையோ கட்டிப்பிடித்தேன். சேகர் மாமா படகிலிருந்து எட்டிப்பார்த்து, "கெடச்சிட்ச்சா? ஷோக்கா போச்சு போ" என்று சொல்லிவிட்டு, உனக்கென்று வைத்த இடத்துக்கு ஆள் தேடப் போன் எடுத்தார். உன் அப்பா ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து, "எத்தினி சக்கரம்?" என்று மட்டும் கேட்டார். பதினெட்டு என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் அடுத்த படகுக்காரனிடம், அதற்கடுத்த படகுக்காரனிடம், "எம் புள்ள வண்டிக்குப் பதினெட்டு சக்கரம்" என்று சொல்லிக்கொண்டு கரை முழுக்க நடந்துகொண்டிருக்கிறார். நான் பேசுவது அதிகமாம். அன்றைக்கு அவர் பேசினதை நீ கேட்டிருக்க வேண்டும்.

இனி உனக்கு நான் என்ன புத்தி சொல்வது? ஆனால் பெற்றவள் வாய் சும்மா இருக்காது. இறங்கிப் பார்க்க வெட்கப்படாதே. எத்தனை வருஷம் ஓட்டினாலும், எத்தனை பேர் சிரித்தாலும், சந்தேகம் வந்தால் இறங்கிப் பின்னால் போய்ப் பார். கண் சொக்கினால் ஓரங்கட்டித் தூங்கு. ஓனர் கேட்டால் என்னிடம் பேசச் சொல், நான் பேசிக்கொள்கிறேன். ஊருக்குள் போகும்போது கூடையோடு ரோட்டோரம் நிற்கிற பெண்களைப் பார்த்தால் கொஞ்சம் நின்று போ. அவர்களுக்கு உன் முகம் தெரியாது, சக்கரம்தான் தெரியும். வேலை கேட்டு உன் ஜன்னலை எவனாவது தட்டினால், எக்ஸ்பீரியன்ஸ் கீதா என்று மட்டும் கேட்டுவிடாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும். வழியில் கண்ட இடத்தில் பழைய மீன் தின்னாதே. நாற்றத்திலேயே உனக்குத் தெரியும், நான் வளர்த்த மூக்கு அது.

கடைசியாக ஒன்று. உன் அப்பா கடலுக்குப் போனால் போன் கிடைக்காது. கல்யாணமான நாளிலிருந்து நான் அப்படியே காத்திருந்து பழகிவிட்டேன், திரும்பி வந்து முகத்தைக் காட்டினால்தான் நிம்மதி. உனக்கு வழியெல்லாம் டவர் இருக்கும். அதனால் நாளைக்கு நான் கூப்பிடுவேன். கூப்பிடாமல் இருக்க என்னால் ஆகாது. ஆனால் நீ எடுக்காதே. ஸ்டியரிங்கில் கை இருக்கும்போது பெற்ற அம்மாவே ஆனாலும் எடுக்காதே. மணி அடித்து அடித்து ஓயட்டும். எடுக்கவில்லை என்றால் என் பிள்ளை வண்டி ஓட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்துகொள்வேன், எனக்கு அது போதும். அப்புறம் நல்ல இடமாகப் பார்த்து நிறுத்தி, ஒரு டீ சொல்லிவிட்டு, நீயே கூப்பிடு. நான் மார்க்கெட்டில்தான் இருப்பேன். போனை ஸ்பீக்கரில் போட்டு, "எங்கடா கீற?" என்று கேட்பேன். ஊர்ப் பேரைச் சத்தமாகச் சொல், நைனா. மீன் வாங்க வந்தவர்கள் பேரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிற மாதிரி, நல்ல சத்தமாகச் சொல்.